வௌவாலின் பெயர்

சூலியா தெரு, பினாங்கு
4 மார்ச் 2024

மூக்குக்கு மேல் கோபத்தை வைத்திருக்கும் தம்பி அஸ்ஹருக்கு,

புஷ்பவள்ளி அக்கா எழுதுவது. நம் இணையக் குழுவில் 'சம்பால்' என்ற பெயரில் உட்கார்ந்து ஊரையே அதட்டுகிறவள்தான். கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. பத்து காவான் தோட்டப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்ற கை இது. பள்ளி இருந்த இடத்தில் இப்போது ஃபேக்டரி வந்துவிட்டது. கையெழுத்து மட்டும் மாறாமல் இருக்கிறது.

என்னைக் கடிதம் எழுத வைத்துவிட்டாயே. வேறு வழி என்ன இருக்கிறது? குழு ஓடுவது எங்கள் சர்வரில், நீ எழுதுவது உன் சொந்த சர்வரில்; இரண்டுக்கும் நடுவே இருந்த இணைப்பை வெட்டிவிட்டாய். நான் இங்கே எழுதும் எதுவும் உன்னிடம் வராது. புது ஆள் சேரும் கதவையும் பூட்டிவிட்டாய். மின்னஞ்சல் போட்டால் போன வேகத்தில் திரும்பி வருகிறது. உன் ஹேண்ட்போன் நம்பர் என்னிடம் இல்லை. திருட்டுப் படம், திருட்டுப் புத்தகம் என்று பேசுகிற இடத்தில் யாரும் யாருடைய பெயரையும் நம்பரையும் கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டவளே நான்தான். குழுவில் வருவதைப் பார்த்து வேண்டாததை அழிக்கிற என் வேலைக்கு நல்ல தமிழில் மட்டுறுத்துநர் என்று பெயராம். சொல்லிப் பார்த்தேன், பல் சுளுக்கியது. மோட் என்றே இருக்கட்டும்.

போன வருஷம் ஒரு பழைய டிஸ்க்கைப் பெட்டியில் போட்டு அனுப்பினாயே, அந்தப் பெட்டியில்தான் என் அப்பக் கடையில் முட்டை வைத்திருக்கிறேன். முட்டையை இறக்கி வைத்துவிட்டு உன் பெயரையும் விலாசத்தையும் பார்த்து எழுதினேன். பிந்துலு எங்கே இருக்கிறது என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "சரவாக்லா, கடலுக்கு அந்தப் பக்கம்" என்றார். அவருக்கு எல்லா ஊரும் கடலுக்கு அந்தப் பக்கம்தான்.

சரி, சண்டைக்கு வருவோம். உன் அக்கா ஹாஜராவின் சமையல் புத்தகத்தை, வௌவால் என்ற பெயரில் இருப்பவன் நம் குழுவில் போட்டுவிட்டான். நீ எடுக்கச் சொன்னாய். எடுத்திருக்கலாம். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? "மூணு வருஷமா ஊரான் வீட்டுப் புத்தகத்தையெல்லாம் அடுக்கி வச்சவரு, சொந்த அக்கா புத்தகம்னதும் நீதிபதி ஆயிட்டாரு பாருங்க" என்று எழுதி, எல்லாருக்கும் மேலே தெரியும்படி குத்தியும் வைத்தேன். சிரிக்காதவன் நீ ஒருத்தன்தான். அந்தப் புத்தகத்தைப் பார்த்து நான் மீன் தலைக் கறி வைத்தேன், தெரியுமா? புளி கொஞ்சம் தூக்கல், அதையும் உன் அக்காவிடம் சொல். ஆனாலும் சட்டியை வழித்துச் சாப்பிட்ட என் வீட்டுக்காரர் அன்றைக்கு முழுக்க என்னிடம் மரியாதையாகப் பேசினார். அந்த ஒரு நாளுக்காகவே உன் அக்காவுக்கு மாலை போடலாம்.

எழுத உட்கார்ந்த விஷயத்தை மறந்துவிட்டேன் பார். கோபத்தில் நீ வௌவாலின் சொந்தப் பெயரையும், ஜுருவில் அவன் வேலை செய்யும் அச்சகத்தின் பெயரையும் போட்டு, திருடன் என்று எழுதினாய் அல்லவா? கண்டதும் அழித்துவிட்டேன். ஆனால் அதற்குள் நீ எங்களை வெட்டிவிட்டாய். நான் ஒன்றை அழித்தால், 'எடுத்தாச்சு, நீங்களும் எடுங்க' என்று எங்கள் சர்வர் மற்ற சர்வர்களுக்கு ஆள் விட்டுச் சொல்லும். அந்த ஆள் வந்தபோது உன் கதவு மூடியிருந்தது. உன் பக்கத்தில் அது இன்னும் அப்படியே நிற்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உன் கையால் அழித்துவிடு.

அன்புள்ள,
புஷ்பவள்ளி அக்கா


பிந்துலு
13 மார்ச் 2024

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. 'நீதிபதி' என்று எழுதியிருக்கும் இடம் வரைக்கும் படித்தேன். அதற்கு மேல் படிக்கவில்லை. குழுவில் சிரித்தது போதாதென்று தபால் செலவு செய்து சிரிக்கிறீர்கள்.

என் அக்கா நாசி கண்டார் சோற்றுக் கடைகளின் அடுப்படிக்கே போய், சமையல்காரர்கள் கையால் அள்ளிப் போடுவதைக் கிண்ணத்தில் பிடித்து அளந்து எழுதிய புத்தகம் அது. என் மச்சான் இறந்த பிறகு அவள் தானாக எழுந்து செய்த ஒரே காரியம். அச்சடித்த கட்டுகள் அவள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கிடக்கின்றன. நான் மற்றவர்களின் புத்தகங்களை வைத்திருந்தேன் என்பது உண்மை. அதனால் எனக்கு வலிக்கக் கூடாதா?

குழுவில் வந்த கோப்பில் பக்க மூலைகளில், தாளை எங்கே வெட்டுவது என்று காட்டும் வெட்டுக்குறிகள் இருந்தன. அது அச்சகத்துக்குள் மட்டும் இருக்கும் கோப்பு. பக்கம் அமைத்தவர் யார் என்று என் அக்காவைக் கேட்டேன். "திருநாவுக்கரசுன்னு ஒரு நல்ல பிள்ளை" என்றாள். அந்த நல்ல பிள்ளையின் பெயரைத்தான் எழுதினேன். நீங்கள் அதை அழித்ததையும் உங்கள் பக்கத்தில் போய்ப் பார்த்துக்கொண்டேன். அதோடு விஷயம் முடிந்தது.

நாளை காலை ஹெலிகாப்டர். நாலு வாரம் நடுக்கடலில், எண்ணெய் மேடையில் வேலை. இந்த வருஷம் நோன்பும் பெருநாளும் கடலில்தான். அங்கே கம்பெனி இணையத்தில் இந்த மாதிரி இடமெல்லாம் திறக்காது. இனி எழுத வேண்டாம்.

அஸ்ஹர்


சூலியா தெரு
20 மார்ச் 2024

தம்பி,

என் போன கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படி. மற்றதைக் கிழித்துப் போடு. கடைசிப் பத்தி மட்டும்.

அதை முதலில் எழுதியிருக்க வேண்டும். எனக்குப் பயம் வந்தால் பயத்தைச் சொல்ல வராது, நாலு கேலி பேசிவிட்டுத்தான் சொல்ல வரும். என் பிறவிக் கோளாறு அது. நீ பாதியில் நிறுத்துவாய் என்று நான் யோசிக்கவில்லை.

அச்சகத்து முதலாளி அதைப் பார்த்துவிட்டார். தன் அச்சகத்தின் பெயரை இணையத்தில் தட்டித் தேடிப் பார்க்கும் பழக்கமாம் அவருக்கு. வௌவாலை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். குழுவில் எனக்குத் தனியாக எழுதியிருந்தான். இரண்டே வரி.

நீ கடலில் இருப்பாய் என்று தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன். உறை மேல் அவசரம் என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். உன் விடுதியில் யாராவது நல்லவர் இருந்து, பிரித்துப் படித்து, உனக்குச் சேதி அனுப்ப மாட்டாரா என்று ஒரு நப்பாசை.

அந்த நல்லவருக்கு: ஐயா, இந்தப் பையனிடம் எப்படியாவது சொல்லுங்கள். எழுதியதை அழிக்கச் சொல்லுங்கள். அவனுக்குப் புரியும். கோபித்துக்கொள்ள மாட்டான்.

புஷ்பவள்ளி


சூலியா தெரு
2 ஏப்ரல் 2024

தம்பி அஸ்ஹருக்கு,

நேற்று சாயங்காலம், நோன்பு திறக்கிற நேரத்துக் கூட்டத்தில், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற பெரிய பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஒருத்தன் கடை முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். தாப்பாவ் பொட்டலம் வாங்க வந்தவன் என்று நினைத்து, "என்னப்பா, எத்தனை அப்பம்?" என்றேன்.

"சம்பால் அக்கா நீங்கதானா?"

எனக்குக் கரண்டி நின்றுவிட்டது. "யாருப்பா நீ?"

"வௌவால்."

"அப்படின்னா தொங்காம உட்காரு" என்றேன். சிரித்தான். நாற்பது வயது இருக்கும். முன் தலையில் முடி இல்லை. நான் ஏதோ சின்னப் பையன் என்று நினைத்து இத்தனை நாள் குழுவில் 'போடா வாடா' என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"அப்பம் சுட்டுக்கிட்டே மோட் வேலை பாக்குற ஆளு பினாங்குல வேற யாருக்கா? 'இருடா, ஒண்ணு கருகுது'ன்னு பாதியில ஓடிருவீங்களே."

அச்சகத்தில் நடந்ததைச் சொன்னான். முதலாளி நீ எழுதியதை அச்சடித்து மேசை மேல் வைத்திருந்தாராம். "நான் வேலை பாக்குற மிஷின்லயே அடிச்சிருக்காருக்கா. எழுத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சிருச்சு" என்றான். போலீஸ் ரிப்போர்ட்டும் போட்டிருக்கிறார்கள். வேறு அச்சகங்களுக்குப் போனான். எல்லாரும் நன்றாகப் பேசிவிட்டு, பெயரைக் கேட்டு, ஹேண்ட்போனில் தட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் சொல்கிறோம் என்கிறார்களாம். அதனால் இந்தப் பை.

"ஏன் அந்தப் புத்தகத்தைப் போட்டே?" என்று கேட்டேன்.

"முந்நூறு அடிச்சோம்க்கா. அவங்க பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எல்லாம் மாடிப்படிக்குக் கீழ கெடக்குன்னாங்க. யாராச்சும் ஒருத்தர் சமைச்சுப் பார்க்கட்டுமேன்னு போட்டேன். கேட்டுட்டுப் போட்டிருக்கணும். அவரு கோவப்பட்டது நியாயம்லா."

"நீ போட்ட கோப்புல உன் பேரு எங்கேயும் இல்லையே."

"எல்லாரும் செய்றதுதானே. எதைப் போட்டாலும் நம்ம பேரு இருக்கிற பக்கத்தை முதல்ல எடுத்துருவோம்ல."

போகும்போது ஒன்று கேட்டான். "அக்கா, நீங்கதானே மோட். அவரு எழுதினதை எடுக்க முடியாதா?"

தம்பி, நான் எத்தனை பதிவுகளை அழித்திருப்பேன். மாவை ஊற்றிவிட்டு, அது வேகிறதற்குள் கட்டை விரலால் நாலைத் தள்ளிவிடுவேன். இந்த ஒன்று மட்டும் என் விரலுக்கு எட்டாத இடத்தில் நிற்கிறது.

அவனுக்கு ஏழு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்பாவைப் பற்றி எழுதச் சொன்னார்களாம். அச்சகம் என்று எழுதவா, மோட்டார் என்று எழுதவா என்று கேட்டாளாம்.

இறங்கியதும் எழுது.

புஷ்பவள்ளி அக்கா


பிந்துலு
12 ஏப்ரல் 2024

அக்காவுக்கு,

நேற்று இறங்கினேன். இரண்டு கடிதங்களும் மேசை மேல் இருந்தன. விடுதியில் யாரும் பிரிக்கவில்லை. முதல் கடிதத்தைக் குப்பைப் பெட்டியில் போட்டிருந்தேன். அறையைச் சுத்தம் செய்கிறவர் தமிழ் எழுத்தைப் பார்த்து, முக்கியமான காகிதமாக இருக்கும் என்று எடுத்து வைத்திருந்தார். இப்போதுதான் கடைசிப் பத்தியைப் படித்தேன்.

என் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நிற்கிறது. நான் எழுதியதை நானே படித்தேன். அவ்வளவு மோசமாக எழுதியிருப்பேன் என்று நினைக்கவில்லை. அவர் வேலை பார்க்கும் தெருவைக்கூட எழுதியிருக்கிறேன். எதற்கு எழுதினேன்?

அக்கா, இனிப் பயப்பட வேண்டாம். ஒரு பதிவை அழித்துவிட்டு மற்றதை வைத்துக்கொண்டு உட்கார எனக்கு மனம் வரவில்லை. சர்வரையே முழுக்க அழித்துவிட்டேன். வாடகை இடத்தை மூடிவிட்டேன். அறையில் இருந்த நகல் டிஸ்க்குகளில் துளை போட்டுக் கடலில் எறிந்துவிட்டேன். ஒரு எழுத்து மிச்சமில்லை.

திருநாவுக்கரசிடம் சொல்லுங்கள். அவருக்கு நேராக எழுத எனக்கு முகம் இல்லை. அடுத்த விடுப்பில் பினாங்கு வந்தால் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். என் அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. தெரிய வேண்டாம்.

அஸ்ஹர்


சூலியா தெரு
27 ஏப்ரல் 2024

அஸ்ஹருக்கு,

உன் கடிதம் போன வாரம் வியாழக்கிழமை வந்தது. மறுநாள் திரு கடைக்கு வந்தான். உன் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். இப்போது அவனை வௌவால் என்று கூப்பிட வாய் வரவில்லை. ஒரு எழுத்து மிச்சமில்லை என்ற இடத்தில் அவன் முகம் தெளிந்தது. உடனே ஹேண்ட்போனை எடுத்துத் தன் பெயரைத் தட்டிப் பார்த்தான்.

வந்தது.

உன் பக்கத்தைப் பின்தொடர்ந்த ஆட்கள் வேறு சர்வர்களில் இருந்தார்கள் அல்லவா? அவர்களுக்கு உன் பதிவு எங்கள் வழியாகப் போகவில்லை, உன் சர்வரிலிருந்தே போயிருக்கிறது. அதில் ஒரு சர்வரில் அப்படியே இருக்கிறது. திரு எனக்குப் பொறுமையாக விளக்கினான். அங்கே 'இதை எடு' என்று உன் சர்வர் சொன்னால்தான் கேட்கும். வேறு யார் சொன்னாலும் கேட்காது. நீ முதலில் அந்தப் பதிவை மட்டும் அழித்து, சேதி எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகு சர்வரை மூடியிருக்க வேண்டுமாம். நீ சேதி சொல்ல வேண்டிய வாயை முதலிலேயே உடைத்துவிட்டாய். இனி நீயே போய்ச் சொன்னாலும் அது உன்னை நம்பாது.

"அவசரப்பட்டுட்டாருக்கா, பாவம்" என்றான். இதைத்தான் சொன்னான்.

அந்த சர்வருக்குச் சொந்தக்காரன் யார் என்று தெரியவில்லை. எழுதினோம். பதில் இல்லை. ஆள் போய்விட்டான் போலிருக்கிறது, சர்வர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அஸ்ஹர், அடுத்ததை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இவ்வளவு நேரம் சர்வர் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். போன தடவை செய்த தப்பையே மறுபடியும் செய்கிறேன்.

திரு செத்துப்போய்விட்டான். செவ்வாய்க்கிழமை மழையில், ஜுரு பக்கத்தில், லாரி. யாருக்கோ சாப்பாடு கொண்டுபோயிருக்கிறான். பழக்கமில்லாத வேலை. பாதி ஆயுசுக்கு மேல் நாற்காலியில் உட்கார்ந்து பக்கம் அமைத்தவன்.

சாவு வீட்டுக்குப் போனேன். கொட்டகையில் என் பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"யாரு, அச்சகத்துல ஏதோ திருடினான்னு சொன்னாங்களே, அவனா?"

"இந்தா, பேரைப் போட்டா வருதுலா, பாரு."

நான் திரும்பிப் பார்த்தேன். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். அன்றைக்கு மறுபடியும் முன்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். நாமும் அப்படித்தானே குழுவில் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அவன் பெண்சாதி லோகேஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அந்த இடத்தை நீங்கதான் பாத்துக்கிறதா அவரு சொல்லுவாரு. அதை எடுத்துருங்கக்கா. பாப்பா இப்ப எல்லாம் தானா தட்டிப் பாக்குறா. அப்பா பேரு எழுதத் தெரியும் அவளுக்கு" என்றாள்.

லாரிக்கும் உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் அவன் அந்தத் தெருவில் அந்த நேரத்தில் ஏன் இருந்தான் என்று யோசித்தால், முதலில் உன் கை வருகிறது, அதற்கு முன்னால் என் வாய் வருகிறது.

புஷ்பவள்ளி


பிந்துலு
6 மே 2024

அக்கா,

அந்த சர்வர்காரனுக்கு எனக்குத் தெரிந்த மொழியிலெல்லாம் எழுதினேன். அவனுக்கு இடம் வாடகைக்கு விட்டிருக்கும் கம்பெனிக்கும் எழுதினேன். நான்தான் அதை எழுதியவன் என்றேன். நிரூபிக்கச் சொல்கிறார்கள். நிரூபிக்க இருந்ததைத்தான் கடலில் போட்டேன்.

என் அக்காவிடம் ஃபோனில் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டாள். திருநாவுக்கரசின் வீடு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். உங்கள் கடையின் இடத்தைச் சொன்னேன். வைத்துவிட்டாள். அதன் பிறகு எடுக்கவில்லை.

வேறு என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும் செய்கிறேன். மாதக் கடைசியில் மறுபடியும் கடல்.

அஸ்ஹர்


சூலியா தெரு
14 மே 2024

தம்பி அஸ்ஹருக்கு,

உன் அக்கா வந்தார்கள். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு அட்டைப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "என் கறியில புளி தூக்கல்னு சொன்னது நீங்கதானா?" என்றார்கள்.

"கொஞ்சம்தான்" என்றேன்.

"அந்த அளவு தப்பு. திருதான் கண்டுபிடிச்சுச் சொன்னாரு. அதுக்குள்ள அந்தப் பக்கம் அடிச்சாச்சு. சாரி சாரின்னு என்கிட்ட அவரு சொல்றாரு. தப்பு என்னோடது."

இரண்டு பேரும் லோகேஸ்வரி வீட்டுக்குப் போனோம். உன் அக்கா பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து அந்தப் பிள்ளையின் மடியில் வைத்தார்கள். நன்றிப் பக்கம். அவள் விரலை வைத்து எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள்: "இந்தப் புத்தகத்தின் பக்கங்களை அமைத்தவர் திருநாவுக்கரசு. என் கையெழுத்தை என்னைவிட நன்றாகப் படித்தவர். அவர் ஒவ்வோர் அளவையும் இரண்டு முறை கேட்டிராவிட்டால் இது புத்தகமாகியிருக்காது." படித்துவிட்டு, "இது அப்பா" என்றாள். லோகேஸ்வரி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

எனக்கு அப்போதுதான் தலையில் அடித்த மாதிரி இருந்தது. குழுவில் இருக்கிற புத்தகத்தில் இந்தப் பக்கம் இல்லை. திருவே எடுத்துவிட்டுத்தான் போட்டிருக்கிறான். நம் பழக்கம் அது, என் சட்டம் அது. பெயர் எங்கேயும் இருக்கக் கூடாது. அதனால் உலகத்தில் அவன் பெயரைத் தட்டினால் வருகிற ஒரே இடம் நீ எழுதியதுதான் என்று ஆகிவிட்டது.

திரும்பி வரும்போது கெரெத்தாவின் பின்சீட்டில் உன் அக்காவிடம் சொன்னேன். "போடுங்க" என்றார்கள். "முழுப் புத்தகமும் இருக்கட்டும். அந்தப் பக்கத்தைச் சேர்த்துடுங்க. என் பேரும் இருக்கட்டும், அவரு பேரும் இருக்கட்டும். நான் சொல்லித்தான் போட்டதுன்னு எழுதிடுங்க."

"தம்பிகிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டேன்.

"நான் இன்னும் அவன்கிட்ட பேசலை" என்றார்கள். அவ்வளவுதான். நான் அதற்கு மேல் கிண்டவில்லை. என்னையே எனக்கு நம்ப முடியவில்லை.

முந்தாநாள் போட்டேன். பெயர் போடக் கூடாது என்று எத்தனை பேரை வெளியே தள்ளியிருப்பேன், இப்போது நானே ஒரு பெயரைப் போட்டு எல்லாருக்கும் மேலே தெரியும்படி குத்தி வைத்திருக்கிறேன். முன்னால் உன்னைக் கேலி செய்து குத்தி வைத்திருந்த இடம் அது. குழுவில் யாரும் சிரிக்கவில்லை.

இப்போது திருநாவுக்கரசு, ஜுரு என்று தட்டினால் இரண்டும் வருகின்றன. நேற்று உன்னுடையது மேலே இருந்தது. இன்று காலையில் இது மேலே இருந்தது. சாயங்காலம் பார்த்தேன், மறுபடியும் உன்னுடையது. எந்த நாளில் அந்தப் பிள்ளை தட்டிப் பார்ப்பாள் என்று யாருக்குத் தெரியும்.

என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். வேறு சர்வரில் புதுக் கணக்கு ஒன்று திற. குழுவில் வைத்திருந்த நங்கூரம் கிங்கூரம் என்ற பெயரெல்லாம் வேண்டாம், அஸ்ஹர் என்றே திற. நான் குத்தி வைத்த அந்த நன்றிப் பக்கத்துக்குக் கீழே வந்து, திருவைத் திருடன் என்று எழுதியவன் நான்தான் என்று எழுது. ஏன் எழுதினாய் என்பதையும் எழுது. உன் கம்பெனி பார்க்கும், உன் வேலைக்கு ஆபத்து வரலாம், தெரிந்தேதான் சொல்கிறேன். திருவுக்கும் அப்படித்தான் வந்தது. நான் உனக்குக் கீழே என் பெயரைப் போட்டு, கேலி செய்தவள் நான் என்று எழுதுகிறேன். முதலில் நீ.

அடியில் இடம் விட்டு வைத்திருக்கிறேன். இந்த முறை கடலுக்குப் போவதற்கு முன்னால் எழுதிவிடு.

புஷ்பவள்ளி அக்கா